தட்டுக்குப் பாட்டெழுதியவர்கள்

கிராமபோன் தட்டுக்கென்று பாட்டெழுதுவது 1920களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் ஒரு பிழைப்பாக உருவெடுத்தது. அதற்கு முன்பும் பாட்டெழுதிக் காலம் தள்ளியவர்கள் இருந்தார்கள். சென்னை குஜிலிக்கடைப் பதிப்பாளர்கள் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற சிறு புத்தகங்களுக்குச் சிந்தும் கும்மியும் ஒப்பாரியும் எழுதிக் கொடுத்தவர்கள் ஒரு சாரார். ரயில் கவிழ்ந்தாலும், வெள்ளம் வந்தாலும், ஊரில் கொலை விழுந்தாலும் சில நாட்களிலேயே அதைப் பற்றிய பாட்டு அச்சேறிச் சந்தைக்கு வந்துவிடும். நாடகக் கம்பெனிகளில் 'வாத்தியார்' என்று அழைக்கப்பட்ட ஆசிரியர்கள் இன்னொரு சாரார். கதையை வகுப்பது, வசனம் சொல்லிக் கொடுப்பது, பாட்டுக் கட்டுவது எல்லாமே வாத்தியாரின் வேலை. இந்த இரண்டு மரபுகளும் இசைத்தட்டில் வந்து கலந்தன. சந்தைப் பாட்டின் சுறுசுறுப்பும் மேடைப் பாட்டின் ராகக்கட்டும் சேர்ந்தே தட்டுப் பாட்டின் குணமாயின.

லண்டன் கிராமபோன் கம்பெனி 1902-இல் ஃபிரெட் கெய்ஸ்பர்க்கைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. அங்கே கௌஹர் ஜான் முதலியோர் பாடியதிலிருந்து இந்திய இசைத்தட்டின் வரலாறு தொடங்குகிறது. சில ஆண்டுகளில் அதன் பதிவுக்குழுக்கள் தெற்கேயும் வந்தன. தொடக்கத்தில் பதிவான மெழுகு மூலங்கள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய், தட்டுகளாகத் திரும்பின. 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் அச்சுத் தொழிற்சாலை வந்தது. 1920களின் இறுதியில் அது டம்டமுக்கு இடம் மாறியது. அரக்கு சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்து பக்கத்திலேயே கிடைத்ததால் அந்தத் தொழில் கல்கத்தாவைச் சுற்றியே நிலைத்தது. பாடகரும் பாட்டும் சென்னையில் இருந்தும் தட்டு வங்காளத்தில் அச்சானது. இந்தத் தூரம் தமிழ்ப் பாட்டெழுதுபவரின் நிலையைப் பல ஆண்டுகள் தீர்மானித்தது. மூலத்தட்டு யார் கையில் இருந்ததோ அவரிடமே உரிமையும் இருந்தது. அந்தக் கை பாட்டெழுதியவருடையது அல்ல.

தெற்கே வந்த பதிவுக்குழுக்களுக்குப் பாடியவர்களில் சென்னைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களும் உண்டு. இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகளால் அறியப்படும் பகுதி அப்போது ஏரிப் பாசன நெல்வயல்கள் சூழ்ந்த நாடு. அதன் இசைத் தலைநகர் காஞ்சிபுரம். அவ்வூரின் தனகோடி அம்மாள் முதல் தலைமுறைத் தட்டுகளுக்குப் பாடியவர்களில் ஒருவர். அவருடைய சகோதரி காமாட்சியின் மகனான காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை கடைசிவரை தட்டுக்குப் பாடவே இல்லை. ஒரே குடும்பத்தில் ஒரு தலைமுறை ஒலிப்பதிவுக் குழாயின் முன் பாடியது, அடுத்த தலைமுறை மறுத்தது. கல்பனைச் சுவரத்திலும் லயக் கணக்கிலும் வல்லவராகப் பேரெடுத்த நாயனாப் பிள்ளையின் சங்கீதத்தைக் கேட்டவர்களின் நினைவில் மட்டுமே தேட வேண்டியிருக்கிறது. இது பெரிய இழப்பு.

அந்தக் காலத்துப் பத்து அங்குலத் தட்டு நிமிடத்துக்குச் சுமார் 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், இழுத்துப் பிடித்தால் அதற்குச் சற்று மேல். மேடையில் நடிகர் ஒரு விருத்தத்தைப் பத்து நிமிடம் இழுப்பார், கைதட்டல் வந்தால் மறுபடியும் பாடுவார். தட்டில் அதற்கெல்லாம் இடமில்லை. பல்லவி எடுத்தவுடனே கேட்பவரைப் பிடிக்க வேண்டும், அனுபல்லவி சுருங்க வேண்டும், சரணம் ஒன்றோ இரண்டோதான். ஒரு பக்கம் முடியும் இடத்தில் பொருளும் முடிய வேண்டும், அல்லது தட்டைத் திருப்பிப் போடத் தூண்டும்படி நிற்க வேண்டும். மின் ஒலிவாங்கி 1920களின் நடுவில் பரவும்வரை பாடகர் குழாயின் வாய்க்கு நேரே நின்று உரக்கப் பாடியாக வேண்டும். மெல்லினம் மழுங்கும், வல்லினம் வெடிக்கும். இந்தக் கட்டுப்பாடுகளுக்குள் எழுதப் பழகியவர்களே பிற்காலத்துச் சினிமாப் பாட்டின் அளவையும் அமைப்பையும் வகுத்துக் கொடுத்தார்கள். தமிழ்த் திரைப்பாட்டு மூன்று நான்கு நிமிடத்தில் நிற்பதற்கு மூல காரணம் அரக்குத் தட்டின் அகலம்தான்.

முதற்காலத் தட்டுகள் பலவற்றின் முடிவில் பாடகர் தம் பெயரைத் தாமே சொல்வதைக் கேட்கலாம். கடல் கடந்து மூலத்தை அச்சிடும் தொழிலாளிக்கு எது யாருடையது என்று தெரிவதற்காக ஏற்பட்ட வழக்கம் இது. அங்கே பாட்டெழுதியவரின் பெயர் சொல்லப்படவில்லை. நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்திலும் பாடகர் பெயருக்கும் ராக தாளத்துக்கும் கிடைத்த இடம் அவருக்கு எப்போதும் கிடைக்கவில்லை. அவருக்கு இருந்த பாதுகாப்பு ஒன்றே ஒன்று. கீர்த்தனை மரபிலிருந்து வந்த முத்திரை, அதாவது கடைசிச் சரணத்துக்குள் தம் பெயரை வைத்துக் கட்டுவது. அதை அகற்றினால் சந்தமும் எதுகையும் குலையும் என்பதால் பாடகர் அதைப் பாடியே ஆக வேண்டும்.

முத்திரையை இப்படிப் பயன்படுத்தியவர்களில் தலையாயவர் மதுரகவி பாஸ்கரதாஸ். 1892-இல் பிறந்த அவருடைய இயற்பெயர் வெள்ளைச்சாமி. ராமநாதபுரம் சேதுபதி அளித்த பட்டத்தின் வழியாக வந்த பெயரே அவருக்கு நிலைத்தது. மதுரையைச் சுற்றி அப்போது செழித்திருந்த ஸ்பெஷல் நாடகம் அவருடைய களம். ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பின்பாட்டுக்காரரும் அன்றைய இரவுக்கென்று ஒப்பந்தமாகி வந்து சேர்வார்கள். ஒத்திகை இல்லாமலே வள்ளி திருமணமோ பவளக்கொடியோ நடக்கும். ஆகவே ஒவ்வொரு நடிகருக்கும் தனக்கென்று புதுப் பாட்டு வேண்டியிருந்தது. போட்டி நடிகரிடம் இல்லாத பாட்டு கையில் இருந்தால் அன்று மேடை அவருடையது. அப்படிப் பாட்டு வேண்டி வந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்தும், அதன் மெட்டைப் பாடிக் காட்டியும் பாஸ்கரதாஸ் தம் தொழிலை வளர்த்தார். பாடகரின் குரல் எந்தச் சுருதியில் நிற்கும், எந்த எழுத்தில் நீளும் என்று அறிந்து எழுதுவது அந்தத் தொழிலின் உயிர். இசைத்தட்டு நிறுவனங்களில் பின்னாளில் தயாரிப்பாளர் செய்த வேலையின் பாதி அதிலேயே அடங்கியிருந்தது.

1917 முதல் 1951 வரை அவர் எழுதிவந்த நாட்குறிப்புகளை அவருடைய பேரனும் நாடக இயக்குநருமான முருகபூபதி தொகுத்து வெளியிட்டிருக்கிறார். ஒரு தொழில்முறைப் பாடலாசிரியரின் அன்றாடத்தை இவ்வளவு நீண்ட காலத்துக்குக் காட்டும் ஆவணம் தமிழில் அரிது. சந்தித்த நடிகர்கள், எழுதிக் கொடுத்த பாட்டுகள், பயணங்கள், வரவு செலவு எல்லாம் சுருக்கமான வரிகளில் வருகின்றன. தன்னைப் பற்றிப் பெருமை பேச அவர் இடம் ஒதுக்கவில்லை. தமிழ் நாடக வரலாற்றையும் இசைத்தட்டு வரலாற்றையும் எழுத வருபவர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டிய நூல் அது.

பாஸ்கரதாஸின் புகழ் தேசியப் பாடல்களால் பரவியது. புராண நாடகத்துக்கு நடுவே, கதைக்குச் சம்பந்தமில்லாமலே, நடிகர்கள் காந்தியையும் கதரையும் பற்றிப் பாடுவது 1920களில் வழக்கமாயிற்று. முருகன் வேடத்தில் நின்றபடி எஸ். எஸ். விஸ்வநாததாஸ் அன்னிய ஆட்சியைச் சாடிப் பாடினார். அதற்காகப் பலமுறை சிறை சென்றார். 1940-இன் கடைசி நாளில் சென்னையில் முருகனாக மேடையேறியிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. கே. பி. சுந்தராம்பாள் காந்தியைப் பற்றிப் பாடிய தட்டுகள், மேடை பார்க்காத வீடுகளுக்கும் அந்த உணர்ச்சியைக் கொண்டு சேர்த்தன. காந்தியை ஏழைத் துறவியாகப் போற்றி சுந்தராம்பாள் பாடிய பாடல் பாஸ்கரதாஸ் எழுதியது. பத்திரிகை படிக்கத் தெரியாதவர்களுக்கும் அரசியல் செய்தி பாட்டாகப் போய்ச் சேர்ந்தது என்று தியடோர் பாஸ்கரன் 1981-இல் வெளிவந்த தம் ஆய்வில் காட்டுகிறார். 1928-இல் சென்னை மாகாண அரசு பாரதி பாடல் நூல்களைப் பறிமுதல் செய்த காலம் அது. புத்தகக் கட்டைக் கைப்பற்றலாம். ஊரெல்லாம் சாவி கொடுத்துச் சுழலவிட்டு மனப்பாடமாகிவிட்ட பாட்டைக் கைப்பற்ற எந்த அரசாலும் முடியாது.

பேசும் படம் வந்ததும் முதல் அழைப்பு இந்த வாத்தியார்களுக்கே போனது. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' படத்துக்குப் பாஸ்கரதாஸ் பாட்டெழுதினார். சமஸ்கிருதக் கவியின் கதையில் டி. பி. ராஜலட்சுமி ராட்டையைப் பற்றியும் தேசிய ஒற்றுமையைப் பற்றியும் பாடினார். ஸ்பெஷல் நாடக மேடையின் வழக்கம் அப்படியே திரைக்குத் தாவியது. கர்நாடக இசைத் தேர்ச்சியோடு வந்த பாபநாசம் சிவன் 1934-க்குப் பிறகு திரைப்பாட்டின் போக்கை வேறு பக்கம் திருப்பினார். மெட்டும் சொல்லும் ஒருவரிடமே பிறப்பது அவருடைய பலம். 'அசோக்குமார்', 'சிவகவி', 'ஹரிதாஸ்' படங்களில் எம். கே. தியாகராஜ பாகவதர் பாடியவை தட்டுகளாக விற்ற காலத்தில், கம்பெனி, பாடகர், பாட்டு என்ற மூன்றில் பாட்டு எவ்வளவு தூரம் சுமை தாங்கியது என்பதை யாரும் கேட்டறியலாம்.

தட்டுத் தயாரிப்பின் கதை இன்னொரு மனிதர் வழியாக நகர்ந்தது. காரைக்குடியில் 1907-இல் பிறந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார், தந்தையின் கடையில் இசைத்தட்டு விற்றுப் பழகியவர். வாடிக்கையாளர் எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், எதைத் தொட்டுவிட்டு வைத்துவிடுகிறார் என்று கல்லாவுக்குப் பின்னால் நின்று கற்றார். 1932-இல் கூட்டாளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஜெர்மனியின் ஓடியன் நிறுவனத்துக்குத் தென்னாட்டு விநியோகஸ்தரானார். விற்பதோடு நிற்காமல், யாரைப் பாட வைப்பது, என்ன பாட வைப்பது என்பதையும் அந்தக் கடை தீர்மானித்தது. பாடகரைத் தேடிப் போவது, பாட்டுக்கு ஆசிரியரைப் பிடிப்பது, வாத்தியக்காரர்களைச் சேர்ப்பது, ஒத்திகை பார்ப்பது, பதிவு முடிந்து எது அச்சுக்குப் போகலாம் என்று முடிவு செய்வது எல்லாம் சேர்ந்ததே அன்றைய தயாரிப்பு. ஓடியன் 1930களில் வட, தென்னிந்திய இசை இரண்டிலும் சேர்த்து ஆயிரக்கணக்கில் பக்கங்களைப் பதிவு செய்தது. இரண்டாம் உலகப் போரோடு ஜெர்மன் சரக்கு நின்றுபோய் அந்த வரிசை முடிந்தது.

நாடக செட் என்ற ஒன்றும் இந்தக் காலத்தில் புகழ்பெற்றது. ஒரு முழு நாடகத்தைப் பல தட்டுகளில் பதிந்து பெட்டியாக விற்பார்கள். நடிகர் கூட்டம் ஒலிவாங்கியைச் சுற்றி நிற்க, வசனமும் பாட்டும் பக்கம் பக்கமாகப் பதிவாகும். பாட்டெழுதுபவருக்கு இது ஒரே நேரத்தில் பல பாட்டு கேட்கும் பெரிய வேலை. ஊரில் ஒரு வீட்டில் கிராமபோன் இருந்தால், இரவில் திண்ணையிலும் தெருவிலும் உட்கார்ந்து நாடகம் முழுவதையும் கேட்கலாம். நடுவில் ஊசி மாற்றுவதும் சாவி முறுக்குவதும்தான் இடைவேளை.

மெய்யப்பன் 1935-இல் 'அல்லி அர்ஜுனா'வோடு படத் தயாரிப்பில் இறங்கினார். தட்டில் கற்ற பாடம் அங்கே உதவியது. 1938-இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்கு லலிதா வெங்கட்ராமனின் குரலைச் சேர்த்து, பின்னணிப் பாட்டு என்ற முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். முகமும் குரலும் பிரிந்ததும் பாடலாசிரியருக்கும் விடுதலை கிடைத்தது. நடிகருக்குப் பாட வருமோ வராதோ என்ற அச்சமின்றி எழுத முடிந்தது.

பாட்டின் உரிமை யாருடையது என்ற கேள்வி வெளிப்படையாக வெடித்ததும் மெய்யப்பனின் கையில்தான். பாரதி 1921-இல் மறைந்தபின் அவர் பாடல்களின் பதிப்புரிமை குடும்பத்தாரிடையே கைமாறியது. ஒலிப்பதிவு உரிமை தனியாகப் பிரிந்து வணிகர் ஜெசிங்லால் மேத்தாவிடம் போயிருந்தது. அதை 1940களின் நடுவில் மெய்யப்பன் விலைக்கு வாங்கி, 1947-இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்களை டி. கே. பட்டம்மாளின் குரலில் ஒலிக்கச் செய்தார். விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பு அந்தப் பாடல்கள் ஊரெங்கும் கேட்டன. அடுத்த ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது அவர் தம் உரிமையைக் காட்டி எதிர்ப்புத் தெரிவித்தார். சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் நாடு பாடும் பாட்டு ஒருவர் பெட்டியில் பூட்டிக்கிடக்கலாமா என்ற கேள்வி அதைவிட வலுவாக எழுந்தது. நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் அமைத்து ஊர் ஊராகப் பேசினார்கள். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு உரிமையை ஏற்க முன்வந்தபோது, மெய்யப்பன் தம் ஒலிப்பதிவு உரிமையைப் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். ஒரு கவிஞரின் எழுத்தை அரசு வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கிய முன்னோடி நிகழ்ச்சி அது. பின்னாளில் பல தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையானதற்கு வழி திறந்தது அங்கேதான்.

தமிழில் பாட்டெழுதுபவரும் தட்டுத் தயாரிப்பவரும் வெவ்வேறு ஆட்களாகவே இருந்தார்கள். அதே காலத்து லண்டனில் இரண்டும் ஒருவரிடம் சேர முடிந்தது. 1931-இல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து இ.எம்.ஐ. ஆனபின், சென்னைப் பாடகர்களின் தட்டில் இருந்த ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ், கொலம்பியா என்ற பெயர்களே லண்டன் தட்டுகளிலும் இருந்தன. அந்த லண்டன் கொலம்பியாவில் 1949-இல் சேர்ந்த நார்மன் நியூவெல் பாடகர்களைத் தேர்ந்து, பதிவை மேற்பார்த்து, அதோடு பாட்டும் எழுதினார். 1959-இல் ரஸ் கான்வேயின் பியானோத் தட்டை விற்பனையில் முதலிடத்துக்குக் கொண்டு சென்றவர் அவர். டேவிட் வெஸ்ட் என்ற புனைபெயரில் அவர் எழுதிய ஆங்கில வரிகளைப் பெட்யூலா கிளார்க் பாட, அந்தத் தட்டு 1961-இல் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. 'மோண்டோ கானே' என்ற இத்தாலியப் படத்தின் மெட்டுக்கு அவர் எழுதிய வரிகள் ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றன. பிரிட்டனின் 1911-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விற்கும் ஒவ்வொரு தட்டின் விலையிலும் ஒரு பங்கைப் பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ஒதுக்கியிருந்தது. அதை வசூலித்துக் கொடுக்கும் சங்கங்களும் அங்கே இருந்தன. அந்தச் சட்டத்தையே சில மாற்றங்களோடு 1914-இல் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். வசூலிக்கும் சங்கம் மட்டும் வரவில்லை. ஆகவே தமிழ் வாத்தியார் பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தடவை கூலி வாங்கிக்கொண்டு போனார். திறமையில் அவர் யாருக்கும் இளைத்தவர் அல்ல.

1950களுக்குப் பிறகு தட்டென்றால் சினிமாப் பாட்டு என்றாகிவிட்டது. தனிப்பாட்டுக்கு மிஞ்சிய பெரிய இடம் பக்தி. சீர்காழி கோவிந்தராஜன் பாட உளுந்தூர்பேட்டை சண்முகம் எழுதிய விநாயகர் பாடல்கள் இன்றும் திருவிழாவுக்குக் கால்கோள் நாட்டுகின்றன. கவிஞர் கண்ணதாசனும் இசையமைப்பாளர் எம். எஸ். விஸ்வநாதனும் சேர்ந்து கண்ணனைப் பற்றி உருவாக்கிய 'கிருஷ்ண கானம்' திரைக்கு வெளியே ஒரு பாடலாசிரியர் நீண்ட தட்டு முழுவதையும் தமதாக்கிக்கொண்ட அரிய சந்தர்ப்பம். இவற்றை ஊருக்குக் கொண்டு சேர்த்தவர்கள் மைக் செட்காரர்கள். கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் அம்மன் கோயில் கூழ்வார்ப்பிலும் தென்னை உச்சியில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, விடியற்காலையில் விநாயகர் பாட்டோடு தொடங்குவார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கிராமங்கள் உட்பட வடதமிழ்நாடு முழுவதும் கவிஞர்களின் சொற்கள் இப்படித்தான் காதில் ஏறின. எழுதியவருக்கு அதில் ஒரு பைசாவும் போகவில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டு 1958 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிய தொகையை வசூலிக்க 1969-இல் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கமும் பிறந்தது. ஆனால் 1977-இல் உச்ச நீதிமன்றம், பணம் கொடுத்து எழுத வைத்த படத் தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பாட்டின் முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் எழுத்து அப்படித்தான் இருந்தது. அந்த எழுத்தையே மாற்ற மேலும் 35 ஆண்டுகள் ஆயின.

அதற்குள் பாட்டு கேட்கும் கருவி உருவாகும் இடம் டம்டமிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டு சாம்சங் ஆலையும் வந்தது. நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டபோதும், சுங்குவார்சத்திரம் வரை நீளும் அந்தச் சாலையோரத்தில் கைபேசித் தொழில் வேறு நிறுவனங்களின் கீழ் தொடர்ந்து வளர்ந்தது. தனகோடி அம்மாளின் காஞ்சிபுரத்துக்கும் சரஸ்வதி ஸ்டோர்ஸ் இருந்த சென்னைக்கும் நடுவே, இன்று பழைய தட்டுப் பாட்டைச் சட்டைப்பையில் வைத்துக் கேட்க உதவும் பொருள் லட்சக்கணக்கில் தயாராகிறது. அழைப்பு மணியாகவும் இணையத்திலும் பாட்டு விற்கத் தொடங்கியபோது, எழுதியவரின் பங்கு எங்கே என்ற பழைய கேள்வி நாடாளுமன்றத்தில் உரத்து எழுந்தது. மாநிலங்களவையில் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடினார்.

பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் 2012 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. படத்துக்காக எழுதிய பாட்டு திரையரங்குக்கு வெளியே எந்த வழியில் பயன்பட்டாலும், கிடைக்கும் உரிமத்தொகையில் பாடலாசிரியருக்குச் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை அவர் எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது என்று அது வகுத்தது. படத்தில் சேராத தனிப் பதிவுகளுக்கும் அதே பாதுகாப்பைத் தந்தது. எழுதியவர் இறந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் என்பது இந்தியாவில் பதிப்புரிமையின் ஆயுள். பாஸ்கரதாஸ் 1952-இல் காலமானார். அவர் பாடல்களின் உரிமைக்காலம் 2012 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது.